அம்பாசிடரில் பாயிண்டை மாற்றியது ஏன்?



போன வாரம் நம்ம வீட்டு அம்பாசிடரின் பானெட்டைத் திறந்து வைத்து ஒரு படம் போட்டிருந்தேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. "டீச்சர், டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்து ரெண்டு புது வயர் வருதே, என்ன அது?" என்று 1998-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் கேட்டிருந்தான். வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு இப்போது கண் எவ்வளவு கூர்மை பாருங்கள்! என் கொழுந்தனார் போனிலேயே சண்டைக்கு வந்துவிட்டார். "அண்ணன் வெச்சிருந்த மாதிரியே இருக்கட்டும்னுதானே சொன்னேன், ஏன் அண்ணி கை வெச்சீங்க?" என்றார். பெங்களூரில் இருக்கும் என் மகனோ, "இன்னும் அந்த வண்டிக்குச் செலவு பண்றியாம்மா?" என்றான்.

மூன்று பேருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பாடம் நடத்தின வாய்.

நம்ம வண்டி 1986 மாடல், மார்க் 4. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்தது. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். 2014-ல் அம்பாசிடர் தயாரிப்பே நின்றுபோனது. அதற்குப் பிறகும் இதை ஏன் வைத்திருக்கிறேன் என்றால், பழம்பெருமைக்காக இல்லை. என் மாமியாருக்கு வயது 87. இரண்டு முழங்காலும் மடங்காது. மகன் வாங்கித் தந்த சின்னக் காரில் அவர் ஏறுவதற்குள் எனக்கே கண்ணீர் வந்துவிடும். தாழ்ந்து உட்கார வேண்டும், காலை மடக்கி உள்ளே இழுக்க வேண்டும். அம்பாசிடரின் பின்சீட்டு நாற்காலி உயரம். கதவு அகலம். காலை நீட்டிக்கொள்ள இடம் உண்டு. "இதுல ஏறினா திண்ணையில உக்கார்ற மாதிரி இருக்கு" என்பார். மாதம் ஒருமுறை அவரைத் திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்குக் கண்ணில் ஊசி போடக் கூட்டிப் போக வேண்டும். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஊசி தள்ளிப் போனால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் வண்டி வழியில் நிற்கக் கூடாது. பிரச்சினையே அங்கேதான்.

கடந்த மழைக்காலத்தில் இரண்டு முறை நின்றது. முதல் தடவை நமணசமுத்திரம் தாண்டி. ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். அந்தக் காலத்தில் வாடகை அம்பாசிடர் ஓட்டியவராம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார், சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார், அதன் உரசும் பக்கத்தைக் கிழித்துப் பாயிண்டுக்கு இடையில் விட்டு நாலு இழுப்பு இழுத்தார். "இப்ப செல்ஃப் அடிங்கம்மா" என்றார். வண்டி கிளம்பிவிட்டது. அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாவது தடவை தீப்பெட்டிக்கு மசியவில்லை. கண்டன்சர் போய்விட்டது. சூடு ஏறினால் நிற்கும், ஆறினால் கிளம்பும், மறுபடி நாலு கிலோமீட்டரில் நிற்கும். இருட்டில், தூறலில், கண்ணில் கட்டோடு மாமியாரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அப்படி வந்தேன். அந்தக் கண்டன்சர் போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. யார் செய்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. மேலே புது டப்பா, உள்ளே சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

சரி, பாயிண்ட் என்றால் என்ன? என்னிடம் படித்தவர்களுக்கு மின்சார மணிப் பாடம் ஞாபகம் இருக்கும். ஆணியில் கம்பி சுற்றி, பேட்டரியில் இணைத்து, குண்டூசியைத் தூக்க வைப்போம். இணைப்பை எடுக்கும்போது கம்பி நுனியில் ஒரு சின்ன நெருப்புப் பொறி தெரியும். "டீச்சர், ஷாக் அடிக்குது!" என்று ஒரு பிள்ளையாவது கத்தும். அந்தப் பொறிதான் விஷயம். கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடினால் காந்தப்புலம் உண்டாகும். ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் அந்தப் புலம் ஒரே நொடியில் சரியும். சரியும் வேகத்தில் சுருளில் மின்னழுத்தம் எகிறும். மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டு சொன்ன மின்காந்தத் தூண்டல் இதுதான்.

காரில் இருக்கும் இக்னிஷன் காயிலுக்குள் இரண்டு சுருள்கள். ஒன்றில் சில நூறு சுற்று, இன்னொன்றில் பல ஆயிரம் சுற்று. பேட்டரியின் 12 வோல்ட் முதல் சுருளில் ஓடும். பாயிண்ட் என்பது இரண்டு சின்ன டங்ஸ்டன் பொட்டுகள். அவை ஒட்டியிருக்கும்போது மின்சாரம் ஓடும். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டில் நான்கு மூலை உள்ள ஒரு கேம் சுற்றுகிறது. அதன் மூலை வந்து தட்டும்போது பொட்டுகள் பிரியும். ஓட்டம் அறுந்ததும் இரண்டாவது சுருளில் பல ஆயிரம் வோல்ட் பிறந்து, ரோட்டார் வழியாக எந்த சிலிண்டருக்கு முறையோ அந்த பிளக்குக்குப் போய்ப் பொறியாகும். நம்ம இன்ஜினில் அந்த முறை 1-3-4-2.

பொட்டுகள் பிரியும் இடத்திலும் பொறி பறக்கப் பார்க்குமே? அதை விழுங்கிக்கொள்ள வைத்திருப்பதுதான் கண்டன்சர். பாடப்புத்தகத்தில் மின்தேக்கி. அது செத்தால் பொறி பிளக்கில் வராமல் பாயிண்டிலேயே எரியும்.

இதை முழுமையாக அமைத்துக் காட்டியவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரர் சார்லஸ் கெட்டரிங். அவர் நடத்திய நிறுவனத்தின் சுருக்கப் பெயர் டெல்கோ. இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் டிஸ்ட்ரிபியூட்டரை 'டெல்கோ' என்றுதான் சொல்கிறார்கள். 1910 மாடல் காடிலாக்கில் அவருடைய இக்னிஷன் வந்தது. 1912 மாடலில் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டரும் வந்து, ஹேண்டில் போட்டுச் சுற்றும் தொல்லை ஒழிந்தது. எனக்குப் பிடித்த செய்தி வேறு. கெட்டரிங் பொறியாளர் ஆவதற்கு முன் கிராமத்துப் பள்ளி ஆசிரியர். மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து மின்சாரம், காந்தம் எல்லாம் செய்து காட்டுவாராம். நம்ம ஆள்!

இப்போது ஒரு கணக்கு. நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். இரண்டு சுற்றுக்கு நான்கு பொறி, அதாவது சுற்றுக்கு இரண்டு. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 6000 பொறி. வினாடிக்கு 100. புதுக்கோட்டை போய்ச் சேர அரை மணி நேரம் என்றால், அந்தச் சின்னப் பொட்டுகள் 1,80,000 முறை ஒட்டிப் பிரிந்திருக்கும். தேயாமல் என்ன செய்யும்?

தேய்மானம் இரண்டு விதம். பொட்டின் முகம் கருகி, ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் விழும். இன்னொன்று, கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயும். அது தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாக வரும். வண்டி இழுக்காது, சூடாகும், பெட்ரோல் குடிக்கும். நம்ம வண்டியில் இந்த இடைவெளி 14-லிருந்து 16 தௌ. ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் 0.35-லிருந்து 0.40. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் விட்டுச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்களுக்கு இதைச் செய்து கொடுத்தவர் பாய். முப்பது வருஷமாக இந்த வண்டியில் கை வைத்தவர் அவர் ஒருவர்தான். "கேஜ் உள்ள போகணும், ஆனா லேசாப் புடிச்சு இழுக்கணும் டீச்சரம்மா, வெண்ணெயில கத்தி போற மாதிரி" என்பார். இப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கண்ணாடி போட்டாலும் அந்த இடைவெளி தெரியவில்லை. விரல் நடுங்குகிறது. அதோடு, நாற்பது வருஷம் சுற்றிய தண்டு புஷ்ஷில் லேசாக ஆடுகிறது. தண்டு ஆடினால் ஒரு மூலைக்கு வைத்த இடைவெளி அடுத்த மூலைக்கு இருக்காது. எவ்வளவு நுணுக்கமாக வைத்தாலும் நிற்காது.

எலக்ட்ரானிக்குக்கு மாற்றலாமா என்ற பேச்சை முதலில் எடுத்தது நான் இல்லை, பாய்தான். நான் அவர் மனசு நோகுமே என்று வாயைத் திறக்காமல் இருந்தேன். அவரே சொன்னார்: "மாத்திருங்க டீச்சரம்மா. எனக்கு அப்புறம் இதைச் செட் பண்ண யார் இருக்கா? எம் பையன் ஸ்கேனரை மாட்டி வண்டிக்கு வியாதி பாக்கிறவன். உப்புத்தாளைக் கையில தொடமாட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எலக்ட்ரானிக் என்றதும் பெரிய பெட்டி, கம்ப்யூட்டர் என்று நினைக்காதீர்கள். தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு சமாச்சாரம், பாயிண்ட் இருந்த அதே இடத்தில் உட்காருகிறது. கேம் மேலே ஒரு வளையம் மாட்டுகிறோம். அதற்குள் நான்கு காந்தம். ஒவ்வொரு காந்தமும் அந்தச் சமாச்சாரத்தைக் கடக்கும்போது அதிலிருக்கும் உணரி கண்டுகொண்டு, காயிலின் ஓட்டத்தை டிரான்சிஸ்டர் மூலம் அறுத்துவிடும். காந்தப்புலத்தை இப்படி மின்சாரத்தால் உணர முடியும் என்று 1879-ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் ஆராய்ச்சி மாணவராக இருக்கும்போதே கண்டுபிடித்தார். அவர் பெயரால் ஹால் விளைவு. எதுவும் எதையும் தொடுவதில்லை. தொடாததால் தேய்மானம் இல்லை, இடைவெளி மாறுவதில்லை. தண்டு கொஞ்சம் ஆடினாலும் பொறித்துக்கொள்கிறது. இது நேற்று வந்த புதுமையும் இல்லை. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1973 மாடலிலேயே தன் கார்கள் எல்லாவற்றுக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கொடுத்துவிட்டது.

மாற்றும் முன் மூன்று விஷயம் பார்த்தோம். பழைய வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எர்த். பழைய பிரிட்டிஷ் அமைப்பில் பேட்டரியின் பாசிட்டிவை பாடியில் இணைத்திருப்பார்கள். நம்ம வண்டிக்கு டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டபோதே நெகட்டிவ் எர்த் ஆக்கிவிட்டோம். எந்த எர்த்தோ அதற்கேற்ற கிட்தான் வாங்க வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்தால் அது அந்த நிமிஷமே செத்துவிடும்.

இரண்டாவது, காயிலின் தடை. மல்டிமீட்டரில் பார்த்தோம், 3 ஓம். ஓம் விதியைச் சொல்லுங்கள்: 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர். சரி. சில வண்டிகளில் 1.5 ஓம் காயிலும் கூடவே பாலஸ்ட் என்ற தனித்தடையும் இருக்கும். அந்தத் தடையை எடுத்துவிட்டு அதே காயிலை மாட்டினால் 8 ஆம்பியர் ஓடும். சூட்டில் கிட் போய்விடும். ஆகவே கிட் எத்தனை ஓம் காயிலைக் கேட்கிறதோ அதையே போடுங்கள்.

மூன்றாவது, பிளக் வயர். உள்ளே வெறும் செம்புக் கம்பி உள்ள பழைய வயர் வேண்டாம். அதன் இரைச்சல் எலக்ட்ரானிக்ஸைக் குழப்பும். தடை உள்ள சப்ரஸர் வயர் போட்டோம்.

மாற்றும் வேலை ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. பாய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார், அவர் மகன் செய்தான், நான் டார்ச் பிடித்தேன். மூடி, ரோட்டார், பாயிண்ட், கண்டன்சர் எல்லாம் வெளியே. புதியதை அதே திருகில் மாட்டி, வளையத்தைக் கேமில் அழுத்தி, ரோட்டாரை மேலே வைத்தான். சிவப்பு வயர் காயிலின் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸ்ஸுக்கு. "அந்தத் தட்டு வேக்குவத்துக்கு அசையும்டா, வயரைத் தொங்கலா விடு, இல்லேன்னா அறுந்துரும்" என்று பாய் சொன்னார். மகன் அதை யோசிக்கவே இல்லை. தட்டிலிருந்து பாடிக்குப் போகும் மெல்லிய எர்த் வயரையும் பாய்தான் விரலால் தடவிப் பார்த்து, "இது இத்துப் போச்சு, மாத்து" என்றார். கண் தெரியாதவர் என்று யார் சொன்னது!

டைமிங்கை மகன் ஸ்ட்ரோப் விளக்கு வைத்துப் பார்த்தான். பாய் காதை வைத்துக் கேட்டார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் "போதும்" என்றார்கள்.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. ஈரக் காற்றிலும் முதல் செல்ஃபில் கிளம்புகிறது. நின்ற இடத்தில் இன்ஜின் ஒரே சீராக ஓடுகிறது. மாமியாருக்கு நான்கு ஊசியும் தேதி தப்பாமல் போட்டாயிற்று. அதே சமயம் இல்லாத பெருமையைச் சொல்லக் கூடாது. இன்ஜினுக்குப் புது பலம் எதுவும் வந்துவிடவில்லை. சரியாக வைத்த பாயிண்ட் எப்படி ஓட்டுமோ அப்படித்தான் ஓட்டுகிறது. வித்தியாசம், இது சரியாகவே நிற்கிறது. பொறியை வேகத்துக்குத் தக்கபடி முந்தி வைக்கும் எடைக்கற்களும் ஸ்பிரிங்கும் வேக்குவம் டப்பாவும் பழையவைதான். அவற்றுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்த முடியாது. மூடியும் ரோட்டாரும் முன்போலவே தேயும். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன் செய்து வைத்தால் காயிலும் கிட்டும் சூடாகிவிடும். பாட்டுக் கேட்பதற்காகச் சாவியைத் திருப்பி வைக்கும் பேரப்பிள்ளைகள் கவனிக்கவும்.

இனி கொழுந்தனாருக்கு. நீங்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது தம்பி, அதை நான் ஒதுக்கவில்லை. பாயிண்ட் சாகும் முன் சொல்லிவிட்டுத்தான் சாகும். மிஸ்ஸிங் அடிக்கும், இழுக்காது, கிளம்பத் தயங்கும். ரோட்டில் நின்றாலும் ஒரு தீப்பெட்டியும் தெரிந்த கையும் இருந்தால் வீடு வந்து சேரலாம். எலக்ட்ரானிக் அப்படி இல்லை. ஓடும்வரை ஓடும், போனால் ஒரு வார்த்தை சொல்லாமல் போகும். அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்ய என்னாலும் முடியாது, பாயாலும் முடியாது, அவர் மகனாலும் முடியாது.

அதனால்தான் கழற்றியதைக் குப்பையில் போடவில்லை. வண்டியில் எதையும் வெட்டவோ துளைக்கவோ இல்லை. உங்கள் அண்ணன் நல்ல காலத்தில் வாங்கிச் சேர்த்து வைத்திருந்த பழைய பாயிண்ட் செட் ஒன்று அலமாரியில் இருந்தது. அதையும் பாய் சோதித்துக் கொடுத்த கண்டன்சரையும் ஒரு திருப்புளி, ஃபீலர் கேஜ், உப்புத்தாளோடு எவர்சில்வர் டிபன் டப்பாவில் போட்டு டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். வைத்திருந்தால் மட்டும் போதாதே, மாட்டத் தெரிய வேண்டுமே. பாய் வீட்டு வாசலிலேயே மூன்று முறை எலக்ட்ரானிக்கைக் கழற்றிப் பாயிண்டை மாட்டி, வண்டியைக் கிளப்பிப் பழகினேன். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆனது. மூன்றாம் தடவை இருபத்தைந்து நிமிஷம். என் பக்கத்தில் பாயின் மகனும் உட்கார்ந்து பழகினான். கேஜை விட்டு இழுத்தபோது, "இப்பத் தெரியுதுத்தா, வெண்ணெயில கத்தி போற மாதிரி" என்று அவன் வாயாலேயே வந்தது. பாய் தலையைத் திருப்பிக்கொண்டு டீ சொல்லி அனுப்பினார்.

மகனே, செலவைக் கேட்டாய். நீ உன் பாட்டியைப் புதுக்கோட்டைக்கு ஒரு நாள் உன் காரில் ஏற்றி இறக்கிப் பார். அப்புறம் பேசுவோம்.

மாணவர்களில் யாராவது பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருந்து இப்படி மாற்றப்போகிறீர்கள் என்றால், கழற்றும் பொருளை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். மாட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். அவர் கண் தெரியும்போதே, வேலை நடக்கும்போதே பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள்.

அடுத்த ஊசி வரும் 14-ஆம் தேதி. காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம். புதுக்கோட்டையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தால் பாட்டி மகிழ்ச்சி அடைவார். வண்டியையும் பார்க்கலாம், பானெட்டைத் திறந்து காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்